அந்தோணியார் குட்டி மேய்ந்த வழி

மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வருகிறவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவருவார்கள், வாசனை சோப்பு கொண்டுவருவார்கள், தலைவலித் தைலம் கொண்டுவருவார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம் நான் ஒரு வெள்ளைக்காரரைக் கொண்டுவந்தேன். சுங்கத்தில் அவருக்கு வரி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்ட முடியாது என்று சொல்லி அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்திருப்பேன். எனக்கு அவ்வளவு பயம்.

அவர் பெயர் டக்ளஸ். நியூசிலாந்துக்காரர், தலைமுறையாக ஆடு வளர்க்கும் குடும்பம். பாலைவனத்தில் எங்கள் எண்ணெய்க் கம்பெனி முகாமின் சாப்பாட்டு இலாகாவுக்கு அவர்தான் தலைவர். நான் அவருக்குக் கீழே ஸ்டோர் கீப்பர். முகாமில் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்கு ஆட்டுக்கறி. கறி என்றால், கப்பலில் உறைந்து வந்து, இங்கே உருகி, வெந்நீரில் குளித்து, தலையில் கொஞ்சம் மிளகுத்தூளோடு தட்டில் வந்து உட்காரும் ஒரு வஸ்து. வெள்ளிக்கிழமை கறி தின்பது கத்தோலிக்கனுக்குப் பாவம் என்றால், அந்தக் கறியைத் தின்பதே அதற்கான தண்டனையாகவும் முடிந்துவிடும்.

"வாரம் ஒரு நாள் எங்களுக்குத் தனி அடுப்பு கொடுங்கள். உள்ளூர்ச் சந்தையில் பச்சைக் கறி வாங்கி நாங்களே குழம்பு வைத்துக்கொள்கிறோம்" என்று எல்லோர் சார்பிலும் கேட்கப் போனவன் நான். டக்ளஸ் சிரித்தார். "நீங்கள் எந்தக் கறியையும் மிளகாயில் மூழ்கடித்துவிடுவீர்கள். அது நல்ல ஆடா, செத்த ஆடா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கறியின் ருசி தெரிந்தவர்களுக்குத்தான் தனி அடுப்பு" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கள் தர்மபுரிக் குட்டியை வெறும் உப்புப் போட்டு வேகவைத்துக் கொடுத்தாலும் நீங்கள் எலும்பைக் கீழே வைக்கமாட்டீர்கள்" என்றேன். வாய் பேசி முடித்த பிறகுதான் மூளைக்குத் தகவல் போனது.

"அப்படியா? ஜனவரியில் நான் பெங்களூர் வருகிறேன். காட்டு. சொன்னபடி இருந்தால் அடுப்பு உங்களுக்கு. இல்லாவிட்டால் இந்தப் பேச்சை இனி எடுக்கக்கூடாது."

சாயங்காலத்துக்குள் முகாம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கிரேன் ஓட்டுகிறவர்கள், குழாய் பற்றவைக்கிறவர்கள் எல்லோரும் என் தோளைத் தட்டி, "சவரியண்ணே, நம்ம அடுப்பு ஒங்க கையில" என்றார்கள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். உள்ளே ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. தர்மபுரிக் குட்டியின் கறியை நானே சாப்பிட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊருக்கு வரும்போதெல்லாம் அக்கா கோழிதான் அடிப்பாள்.

முதல் நாள், சனிக்கிழமை. பெங்களூரிலிருந்து வந்த டாக்சி காவேரிப்பட்டணம் தாண்டியதும் புகை விட்டது. முதலில் கொஞ்சமாக, நாகரிகமாக. பிறகு செங்கல் சூளை மாதிரி. டிரைவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, இனி இது நகராது என்று. நான் நடுரோட்டில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். கேழ்வரகு வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று நின்றது.

"தர்மபுரிதானுங்க. ஆனா முன்னாடி எடமில்லைங்க. துரை மேல ஏறுவாரா?" என்றார் லாரிக்காரர்.

நான் மொழிபெயர்ப்பதற்குள் துரை மேலே ஏறிவிட்டார். பின்னாலேயே நானும் ஏறினேன். ஏறினேன் என்பதைவிட, இழுக்கப்பட்டேன் என்பதுதான் சரி. லாரி ஆடிய ஆட்டத்தில் நான் குப்புறப் படுத்து வைக்கோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். டக்ளஸ் சோபாவில் இருப்பதுபோல உட்கார்ந்து, ஒரு வைக்கோல் தாளை உருவி முகர்ந்து, கடித்து, துப்பினார்.

"இதுதான் உங்கள் ஆட்டுக்குத் தீனியா?"

"இது மாட்டுக்கு. ஆடு தானே மேய்ந்துகொள்ளும்" என்றேன் வைக்கோலுக்குள்ளிருந்து.

அவர் சாலையோரத்துக் கல்குன்றுக் கரடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த வருஷம் மழை அரைகுறை. கரடு முழுக்கப் பாறையும், பாறைக்கு நடுவே வெந்துபோன புல்லின் வேரும்தான். அதில் செம்மறிகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நகர்ந்தன.

"அவை கல்லையா மேய்கின்றன?"

"கல்லுக்கு நடுவில் இருப்பதை."

"கல்லுக்கு நடுவில் கல்தான் இருக்கிறது" என்றார். மஸ்கட்டில் என் தோளைத் தட்டிய கைகளெல்லாம் நினைவுக்கு வந்தன.

அக்கா வீடு இண்டூருக்குப் பக்கத்தில். அக்கா பெயர் ஆரோக்கியம். பேருக்கேற்ற உடம்பு, உடம்புக்கேற்ற வாய். வாசலில் நின்று டக்ளஸை அண்ணாந்து பார்த்தாள்.

"வா தம்பி. இவருதான் கறி துரையா? ஒசரமாத்தான் இருக்காரு. நெலவாசல்ல தல இடிச்சிக்கப் போறாரு, சொல்லு."

நான் சொல்வதற்குள் இடித்துக்கொண்டார். நெற்றியைத் தடவிக்கொண்டே கும்பிடு போட்டார். அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மத்தியானம் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். டக்ளஸ் களியை மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். "மெல்ல வேணாம்னு சொல்லு. குழம்புல பொரட்டி முழுங்கச் சொல்லு" என்றாள் அக்கா. அவர் விழுங்கினார். களி உருண்டை தொண்டைக்குள் இறங்குவது வெளியே நன்றாகத் தெரிந்தது. பிறகு தட்டை நீட்டி இன்னொரு உருண்டை கேட்டார். எனக்கே பெருமையாக இருந்தது. மனுஷன் கப்பல் கப்பலாகக் கறி பார்த்தவர், எங்கள் களிக்குத் தட்டு நீட்டுகிறார்.

பெருமை சாயங்காலம் வரைதான் நின்றது. அக்காவின் மந்தை கரட்டிலிருந்து திரும்பியது. எங்கள் பக்கத்து ஆடு மேச்சேரி ஜாதி. பழுப்பு நிறம், கம்பளி ரோமம் கிடையாது. "யார் கத்தரித்தது?" என்று கேட்டார் டக்ளஸ். "ஆண்டவர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுவதற்குச் சிரமப்படவே வேண்டியதில்லை. குட்டிகள் வயிறு ஒட்டி, முதுகுத்தண்டு தூக்கி, கண் மட்டும் பெரிதாக இருந்தன. எங்கள் தனி அடுப்பு என் கண்ணெதிரே அணைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அது வந்தது. மந்தையோடு வரவில்லை. எல்லாம் அடைந்த பிறகு, தனியாக, அவசரமில்லாமல், கல்யாண வீட்டுக்குக் கடைசியாக வரும் பெரிய மனுஷன் மாதிரி வந்தது. கழுத்தில் சிவப்பு நாடா. வலக் காதில் சின்ன வெட்டு. முதுகு பலகை போலப் பரந்து, தோல் எண்ணெய் தடவினதுபோல மினுங்கியது. டக்ளஸ் எழுந்து நின்றுவிட்டார்.

"யாரு இது?" என்றேன்.

"ஒன்னோட குட்டிதான்" என்றாள் அக்கா.

போன வருஷம் மஸ்கட்டில் எனக்கு ஒரு நாள் நெஞ்சு வலித்தது. இதயம் நிற்கப்போகிறது என்று முடிவுகட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அக்காவுக்குத் தந்தி அடிக்கச் சொல்லிவிட்டேன். 'நிலைமை மோசம். ஜெபியுங்கள்.' ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ஒரு பெரிய ஏப்பம் வந்தது, இதயம் சரியாகிவிட்டது. மலையாளி நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்ததைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் தந்தி போய்ச் சேர்ந்துவிட்டது. தம்பி உயிரோடு ஊர் வந்து சேர்ந்தால் ஒரு கிடாக்குட்டி வெட்டி ஊருக்குச் சாப்பாடு போடுவதாக அக்கா அந்தோணியாருக்கு வேண்டிக்கொண்டாள். அடுத்துப் பிறந்த நல்ல கிடாக்குட்டிக்குக் காதை வெட்டி, நாடா கட்டி, நேர்ந்துவிட்டாள். ஆக, என் வாயுத் தொல்லைக்காக ஒரு ஜீவன் நாடா கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

டக்ளஸ் அந்தக் குட்டியைத் தூக்கிப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது. மந்தையிலிருந்து இன்னொரு கிடாக்குட்டியை ஒற்றைக் கையால் தூக்கினார். இரண்டின் வாயையும் பிளந்து பல் பார்த்தார்.

"இரண்டும் பால் பல். ஒரே வயதா?"

"ரெண்டும் ஒரே வாரத்துல போட்டது. தாய் ரெண்டும் அக்கா தங்கச்சி, கிடா ஒண்ணு" என்றாள் அக்கா.

டக்ளஸ் என் பக்கம் திரும்பினார். "எனக்கு இதுதான் வேண்டும்."

இதை நான் பயந்து பயந்து மொழிபெயர்த்தேன். அக்கா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "இது செவ்வாக்கெழம கோயில்ல, ஊருக்கு. அன்னிக்கு வந்து பந்தியில உக்காந்தா அவருக்கும் ரெண்டு துண்டு. அதுக்கு முன்னாடி அந்தோணியாரே வந்து கேட்டாலும் கெடையாது."

டக்ளஸ் செவ்வாய் காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. விமானம் காத்திருக்காது. அன்று ராத்திரி எனக்கு மறுபடி நெஞ்சு வலித்தது. தந்தி அடிக்கவில்லை.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் டக்ளஸ் பூட்ஸ் மாட்டிக்கொண்டார். "இன்றைக்கு அந்தக் குட்டியின் பின்னால் போகிறோம். அது எங்கே போகிறதோ அங்கே."

நான் உலகத்தில் எத்தனையோ பேர் பின்னால் போயிருக்கிறேன். ஆட்டுக்குட்டி பின்னால் போனது அன்றுதான். பனி காயும்வரை அது வாசலில் படுத்து அசைபோட்டது. நாங்களும் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியதும் எழுந்து, சோம்பல் முறித்து, தெருவழியே நடந்தது. பின்னால் டக்ளஸ், அவர் பின்னால் நான், எனக்குப் பின்னால் வேலையில்லாத பாதி ஊர்.

குட்டி நேராக மாதப்பனின் மானாவாரிக் காட்டுக்குள் நுழைந்தது. மாதப்பன் அக்காவின் பக்கத்துக் காட்டுக்காரர், என் வயசுக்காரர். மழை பொய்த்தாலும் அவரைக்கொடியும் கொள்ளும் பனியைக் குடித்தே பிழைத்துக்கொள்ளும் என்பதால் அவர் காடு பச்சென்று கிடந்தது. குட்டி அவரைக் கொடியின் கொழுந்தை, ஒரு பிஞ்சை, பக்கத்தில் ஒரு பூவை என்று பொறுக்கிப் பொறுக்கித் தின்றது. டக்ளஸ் பதறிவிட்டார். ஊரான் பயிரை ஆடு தின்கிறதே. பண்ணைக்கார ரத்தமாயிற்றே. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, தொண்டையிலிருந்து ஏதோ விநோத சத்தம் எழுப்பிக்கொண்டு, குட்டியை வெளியே விரட்டினார்.

கிணற்று மேட்டிலிருந்து மாதப்பன் ஓடிவந்தார். நான் என்ன மன்னிப்புக் கேட்பது என்று மனசுக்குள் கோர்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அத எதுக்குங்க வெரட்டறாரு? விடச் சொல்லுங்க. நாலு நாளா எங்க காட்டுப் பக்கமே வரலைங்க. எங்கூட்ல என்ன கொற கண்டுதோன்னு என் சம்சாரம் பொலம்பிக்கிட்டு இருந்தா. இன்னிக்குத்தான் மனசு வந்து வந்துச்சி, அதப் போயி தொரத்தறாரே."

மொழிபெயர்த்தேன். டக்ளஸ் விரித்த கைகளை மடக்க மறந்து அப்படியே நின்றார். "அதாவது, இவருடைய பயிரை அது தின்னவில்லை என்பது இவருடைய வருத்தமா?"

"சாமிக்கு விட்ட குட்டிங்க. அது வாய் வெச்ச காடு வெளங்கும்" என்றார் மாதப்பன். ஓடிப்போய் ஒரு கை அவரைக்கொடி பறித்து வந்து குட்டி முன்னால் ஆட்டி, மறுபடி உள்ளே அழைத்தார். குட்டி கொஞ்சம் யோசித்து, பெரிய மனசு பண்ணி, நுழைந்தது.

டக்ளஸுக்கு இன்னொரு சந்தேகம். இவர் கிறிஸ்தவரா என்று கேட்டார். மாதப்பன் நெற்றி நிறைய விபூதியோடு என்னைப் பார்த்தார். "முனியப்பனுக்கு விட்ட கிடாவ நாங்க வெரட்டறதில்லைங்க. அந்தோணியாரு மட்டும் எங்களுக்கு வேத்தாளுங்களா?"

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். ஊர்ப் பெருமை பேச நான் எத்தனையோ ஜோடனை செய்து வைத்திருந்தேன். அதில் ஒன்றையும் எடுக்க வேண்டிய அவசியமில்லாமல் மாதப்பன் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அதன்பிறகு குட்டி எங்களை ஊர் முழுக்கக் கூட்டிப்போனது. அடுத்த காட்டில் கொள்ளு. அங்கே கொஞ்ச நேரம். பிறகு கிணற்று வாய்க்கால் ஓரத்து அருகம்புல். பிறகு வெள்வேல மரத்தடியில் உதிர்ந்திருந்த காய். எதிலும் வயிறு முட்டத் தின்னவில்லை. கல்யாணப் பந்தியில் எல்லாப் பதார்த்தத்தையும் ருசி பார்க்கிறவன் மாதிரி அடுத்தது அடுத்தது என்று போனது. அது கடித்ததையெல்லாம் டக்ளஸும் பறித்துக் கடித்தார். என்னையும் கடிக்கச் சொன்னார். கொள்ளு இலை அவ்வளவு மோசமில்லை. வெள்வேலங்காயைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டேன்.

களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஏங்க, உங்க அக்கா வூட்ல துரைக்குச் சோறு போடலீங்களா? பாவம், மேய வுட்டுட்டாங்களே" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "ரெண்டு கெடா மேயுது. அந்தப் பெரிய கெடாவுக்கு யாரு நாடா கட்றது?" என்றாள். டக்ளஸ் என்னவென்று கேட்டார். உங்கள் ஆரோக்கியத்தை விசாரிக்கிறார்கள் என்றேன்.

வெள்வேல மர நிழலில் உட்கார்ந்து அவர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. "எங்கள் வீட்டில் நாங்கள் ஆட்டைப் பார்ப்பதைவிடப் புல்லைத்தான் அதிகம் பார்ப்போம். புல் பூட்ஸின் எந்த உயரத்தில் நிற்கிறது, எத்தனை இலை விட்டிருக்கிறது, அதோடு குளோவர் கலந்திருக்கிறதா என்று. குளோவர் என்பது உங்கள் கொள்ளு, அவரைக்குச் சொந்தக்காரச் செடி. அது கலந்தால் குட்டியின் சதை வேகமாக ஏறும். ஒரு நாளும் பசிக்காமல் வளர்ந்த குட்டி இளசாக இருக்கும்போதே எடைக்கு வந்துவிடும், கறியும் இளசாக இருக்கும். கல்லில் மேய்ந்தது கோடையில் இளைக்கும், மழையில் தேறும், மறுபடி இளைக்கும். அதே எடைக்கு வருவதற்குள் கிழடு தட்டிவிடும். அதைப் பல்தான் கண்டுபிடிக்கும்." எந்தப் பல் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. அந்தோணியார் குட்டி கிடைக்காது, துரை நாளைக் காலை கிளம்புகிறார், அடுப்பு போகிறது. நான் விடியும்போதே டக்ளஸை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, பஸ் மாறி, கம்பைநல்லூர் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த ஆட்டு வியாபாரி ஒருவர். அவர் பட்டியில் ஒரு கிடா வயிறு உருண்டு, கம்பீரமாக நின்றது. டக்ளஸ் வாயைப் பிளந்து பார்க்கப் போனார். நான் தடுத்தேன். வியாபாரிக்கு முன்னால் என் ஊர் ஆட்டை வெள்ளைக்காரர் சோதிப்பதா? "எனக்குத் தெரியாத ஆடா? இது நல்ல குட்டி" என்றேன். ரோஷம் எனக்கு எப்போதும் செலவு வைக்கும்.

திரும்பும்போது கண்டக்டர் கிடாவுக்கு லக்கேஜ் சீட்டுக் கேட்டார். கிடா அவருடைய தோல்பையை முகர்ந்து, சீட்டுக் கட்டின் ஓரத்தைக் கடித்தது. "இது லக்கேஜ் இல்லீங்க, பாசஞ்சர்தான். டிக்கெட்ட அதுவே கிழிச்சிக்குது" என்று பின் சீட்டிலிருந்து ஒருவர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. வழியெல்லாம் கிடா தண்ணீராகக் கழிந்தது. இண்டூரில் இறங்கும்போது வயிறு பாதியாகிவிட்டது. டக்ளஸ் முகர்ந்து பார்த்து, "காலையில் உப்புத் தண்ணீர் காட்டியிருக்கிறார்கள். தாகத்தில் குடம் குடமாகக் குடித்திருக்கிறது" என்றார். வயிற்றில் இருந்தது கொழுப்பில்லை, கம்பைநல்லூர்த் தண்ணீர். பிறகு வாயைத் திறந்தார். பால் பல் விழுந்து பெரிய பற்கள் முளைத்திருந்தன.

"இந்தக் குட்டி வேறு குட்டிகளுக்குத் தாத்தா" என்றார்.

அக்கா என்னைத் திட்டிக்கொண்டே குழம்பு வைத்தாள். வெந்தது, வெந்தது, அடுப்பில் விறகு தீர்ந்தது. சாப்பிட உட்கார்ந்தோம். யாரும் பேசவில்லை. பேச வாய் ஓயவில்லை. நான் ஒரு துண்டை வலது பக்கம் மென்று, இடது பக்கம் மாற்றி, கடைசியில் களியை விழுங்குவதுபோல விழுங்கினேன். டக்ளஸ் மரியாதைக்காரர். கறி எப்படி என்று சொல்லவில்லை. "குழம்பு ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று அக்காவிடம் சொல்லச் சொன்னார். எனக்கு அது போதும். மஸ்கட்டில் வெந்நீர்க் கறிக்கு வரிசையில் நிற்கும் முகங்களைக் கண் மூடாமலே பார்த்தேன்.

"தொரைய இன்னொரு நாள் தங்கச் சொல்லு" என்றாள் அக்கா.

"விமானம் இருக்குதக்கா."

"நீ கேளு. தங்காட்டி போவட்டும்."

கேட்டேன். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேட்டேன். டக்ளஸ் வாசலைப் பார்த்தார். நாடா கட்டிய குட்டி நட்டநடுவில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. "அதைச் சாப்பிடாமல் போனால் என் தகப்பனார் கல்லறையிலிருந்து எழுந்துவந்து உதைப்பார்" என்றார்.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. ஊர்க்கோடியில் இருக்கும் சின்ன அந்தோணியார் கோயில். செபம் முடிந்து, குட்டிக்குத் தீர்த்தம் தெளித்து, அக்கா கழுத்து நாடாவை அவிழ்த்தாள். ஆறு மாதம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "தம்பி வந்து சேந்துட்டான் சாமி. இனிமே ஏப்பம் வந்தா தந்தி அடிக்காம இருக்க புத்தி குடு" என்றாள் சத்தமாக. ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். என் பங்குக்குக் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

ஒரு குட்டிக் கறி ஊருக்கு எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். கூடவே கோழி உண்டு, அவரைக்கொட்டை உண்டு, களி மலை மலையாக உண்டு. நேர்ந்த குட்டியின் கறி ஆளுக்கு ஒன்றிரண்டு துண்டு, பிரசாதம் மாதிரி. தரையில் வரிசையாகத் தைத்த இலை போட்டார்கள். டக்ளஸுக்குக் கால் மடங்கவில்லை. எதிர்வரிசைக்காரர் இலை வரைக்கும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் மாதப்பன்.

அக்கா ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "இது அவருக்குன்னு தனியா எடுத்து வெச்சேன். மொளகா இல்ல, மசாலா இல்ல. உப்பும் மஞ்சளும் போட்டு வேக வெச்சது. அவருகிட்ட நீ இப்படித்தான பேசிட்டு வந்தே?"

எனக்கு வேர்த்துவிட்டது. மஸ்கட்டில் பேசியதை ஏதோ ஒரு பெருமையில் இவளிடம் சொல்லிவைத்திருந்தேன். மிளகாய் இருந்தால் அதன் முதுகில் ஒளிந்துகொள்ளலாம். இப்போது ஒளிய இடமே இல்லை. கறி மொட்டையாக இலையில் கிடந்தது.

டக்ளஸ் ஒரு துண்டை எடுத்தார். விரல் பட்டதும் எலும்பிலிருந்து சதை தானே விலகியது. வாயில் போட்டார். இரண்டு மூன்று தடவைதான் மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். நான் மாதப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "வலிக்குதுங்க" என்றார் மாதப்பன் மெதுவாக. நான் விடவில்லை.

"கொள்ளு தெரிகிறது" என்றார் டக்ளஸ். இன்னொரு துண்டு. "வாய்க்கால் புல்லும். பசி என்றால் என்ன என்று இந்தக் குட்டிக்குத் தெரியாது." பிறகு எலும்பை எடுத்து, உறிஞ்சி, மறுபடி உறிஞ்சி, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கீழே வைக்கவில்லை. அக்கா அதைப் பார்த்தாள். நான் பார்த்தேன். எதிர்வரிசை முழுக்கப் பார்த்தது.

என் பெருமை தலைக்கேறும் நேரம் பார்த்து அவர் விரலை நீட்டினார். "ஆனால் நீ சொன்னது தவறு. நேற்றுத் தின்றதும் உன் ஊர் ஆடுதான். உன் ஊர் ஆட்டில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயம் இந்த மனிதர்கள் அதற்குத் திறந்துவிட்ட மேய்ச்சலில் இருக்கிறது. எல்லாக் குட்டியையும் இந்தக் குட்டி மாதிரி மேய விடுங்கள்."

அக்காவுக்கு மொழிபெயர்த்தேன். அவள் களி உருட்டிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நல்லாச் சொன்னாரு. எல்லாத்துக்கும் நாடா கட்டிட்டா ஊரு காட்டுல அவரை ஏது, கொள்ளு ஏது? அப்புறம் நாங்களும் இவரு மாதிரி எலயக் கடிக்கவேண்டியதுதான்."

டக்ளஸ் வெகுநேரம் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் என் தோளில் கை வைத்தார். "அடுப்பு உங்களுக்கு. ஒரு நிபந்தனை. சந்தையில் ஆடு எடுக்கும்போது வயிற்றைப் பார்க்காதே. வாயைப் பார். என்ன தின்றது என்று கேள்."

மஸ்கட் திரும்பிய வாரமே தனி அடுப்பு எரிந்தது. ஒவ்வொரு வெள்ளியும் சந்தையில் நான் ஆட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்து, "இது எங்கே மேய்ந்தது?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் கேட்பேன். ஓமான்காரர்கள் முதலில் பைத்தியம் என்று நினைத்தார்கள். பிறகு, மலையடிவாரத்தில் நல்ல மேய்ச்சல் மேய்ந்த குட்டிகளை எனக்காகவே தனியே கட்டி வைத்தார்கள். குழம்பு கொதிக்கும்போது கிரேன்காரர்கள் சட்டியைச் சுற்றி நின்று, "அண்ணே, நம்ம ஊரு வாசனை" என்பார்கள். டக்ளஸும் தட்டோடு வருவார். மிளகாய் கூடப் போடச் சொல்லிக் கேட்பார்.

அடுத்த விடுப்பில் ஊருக்குப் போனேன். அக்காவின் மந்தை வாசலில் அடைந்திருந்தது. குட்டிகளின் விலா எலும்பு தெரியவில்லை. முதுகு பரந்திருந்தது. கழுத்தைப் பார்த்தேன், நாடா ஒன்றுகூட இல்லை.

மாதப்பன் காட்டுக்குப் போகும் வழியில் அக்காவின் காட்டு மூலையில் முள்வேலி போட்டு, கொள்ளும் அவரையும் கலந்து விதைத்திருந்தது. வேலிக் கம்பில் பழைய சிவப்பு நாடா, போன வருஷத்துக் குட்டியின் கழுத்தில் இருந்த அதே நாடா, கட்டியிருந்தது.

"உங்க அக்கா இந்தத் தரம் குட்டிய நேர்ந்து விடலீங்க. காட்டையே அந்தோணியாருக்கு விட்டுட்டாங்க" என்றார் மாதப்பன். "அதனால ஒருத்தரும் உள்ள கை வெக்கறதில்ல. ஒரு புல்லு அறுக்கறதில்ல, அடுத்தவங்க ஆடு நுழையறதில்ல. நானும் ஒரு மூலைய முனியப்பனுக்கு விட்டிருக்கேனுங்க."

வேலிக்குள் அக்காவின் குட்டிகள் கொள்ளுக் கொழுந்தைக் கடித்துக்கொண்டிருந்தன. எனக்கு எதுவோ இடித்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"அக்கா, காடு அந்தோணியாருது. மேயறது உன் குட்டியா இருக்குதே?"

அக்கா முறத்தில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"அவரு வேணாம்னு சொல்லலியே."